வாய்யா முதலாளி!

வாய்யா முதலாளி, வா. உள்ள வா. செருப்பைக் கழட்ட வேணாம். துரை எங்க லயத்துக்கு வந்தப்ப என்னைக்குக் கழட்டுனாரு?

போன்ல நூறு ஷேரு வாங்கிட்டியாமே? உங்க அம்மாதான் சொன்னா. என்கிட்ட மட்டுமா சொன்னா? பீடோங் சந்தையில மீன்காரன் வரைக்கும் சொல்லிட்டா. "எங்க பையன் இப்ப கம்பெனிக்கு ஓனரு"ன்னு. அதுக்காக அவன் ஒரு காசு கொறைச்சானா? கொறைக்கல.

நல்லதுப்பா. உன் காசு, உன் இஷ்டம். 9 மணிக்குச் சந்தை தொறக்குது. அஞ்சு நிமிசம் முன்னாடியே போனும் கையுமா கக்கூசுக்குள்ள போயிடுறியாம். 12.30-க்குச் சந்தை சாப்பிடப் போனாத்தான் நீயும் சாப்பிடப் போறியாம். சாயங்காலம் 5 மணிக்கு மூடுனா உன் மூஞ்சிய வச்சே சந்தை ஏறுச்சா எறங்குச்சான்னு லயம் பூரா சொல்லிடுதாம். "தாத்தா, சார்ட்டு பாத்தா தெரியும்"ங்குற. "சப்போர்ட்டு" இருக்குங்குற. இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கோவிச்சுக்காத.

உன் கம்பெனி எந்த ஊர்ல இருக்கு?

முழிக்கிற. சரி, தலைவரு யாரு? கணக்கை யாரு சரிபாக்குறது? போன வருசம் எவ்வளவு கடன்ல இருந்துச்சு? "அதெல்லாம் எதுக்கு தாத்தா, ஏறுனா வித்துடுவேன்"ங்குற. அடப் பொடியா, நாளைக்கு விக்கிறதுக்கு இன்னைக்கு முதலாளின்னு பேரு வேறயா? மீன்காரனாவது மீனு எந்தக் கடலுதுன்னு கேட்டாச் சொல்லுவான்.

உனக்குக் கூட்டு தெரியுமா? சாம்பாரு, கூட்டு இல்லடா. லயத்துல கட்டுவாங்களே, அந்தக் கூட்டு. தமிழ்நாட்டுல சீட்டும்பாங்க. பத்துப் பொம்பளைங்க, ஆளுக்கு மாசம் 20 வெள்ளி. சம்பளத்தன்னிக்கு 200 வெள்ளி சேரும். மாசத்துக்கு ஒருத்தி எடுப்பா. மொத மாசம் கூட்டுக்காரிக்கு, அவ அலைச்சலுக்கு அதுதான் கூலி. கணக்கு எல்லாம் பிள்ளைங்களோட பள்ளிக்கூடத்து நோட்டுல. ஆடிட்டரு கிடையாது. அவ மாமியாளே போதும்.

கூட்டுக்காரி எங்க இருக்கா? ஏழாவது வாசல்ல. அவ புதுசா ஒரு சேலை கட்டுனா அன்னைக்கே லயத்துல கேள்வி வரும்: காசு ஏதுடி? பணம் ஒரு நாள் பிந்துனா பத்து பேரும் வாசல்ல நிப்பாளுங்க. அவ பதில் சொல்லியாகணும். ஆங்கிலத்துல இல்ல, நாப்பது பக்கத்துல இல்ல. ரெண்டு வார்த்தையில. ஓடிப்போன கூட்டுக்காரிங்களும் இருந்தாளுங்க, இல்லைங்கல. அதுக்குத்தான் 1971-ல சட்டமே போட்டாங்க, கூட்டு பிடிக்கிறதை ஒரு தொழிலா நடத்தக் கூடாதுன்னு. 200 வெள்ளிக்காரிக்கு ஒரு சட்டம். 20 கோடிக்காரனுக்கு? பொறு, வர்றேன்.

நீ என்னமோ ஷேரு உன் போன்லதான் பொறந்துச்சுன்னு நெனைக்கிற. நாம இந்த நாட்டுல நிக்கிறதே ஷேரால. 1910-ல லண்டன்ல ரப்பர் ஷேருக்கு ஒரு பேய் பிடிச்சுச்சு. ரெண்டு ஷில்லிங் ஷேரு போட்டு வித்தாங்க. பால்மரத்தைப் படத்துல கூட பாக்காத குமாஸ்தா, விதவைங்க, பாதிரிங்க எல்லாம் வாங்குனாங்க. அந்த வருசம் ரப்பர் ஒரு ராத்தல் பன்னெண்டு ஷில்லிங்குக்கு மேல ஏறுச்சு. அந்தக் காசுலதான் காடு அழிஞ்சு தோட்டம் வந்துச்சு. உன் பாட்டனுக்குப் பாட்டன் கப்பல்ல வந்து எறங்குனான்.

அப்ப சந்தைக்கு ஒரு வேலை இருந்துச்சு. எங்கயோ இருக்கிற காசைச் சேத்து எங்கயோ மரம் நடுறது. நியாயமா நடந்துச்சான்னு கேக்காத, அது வேற பேச்சு. ஆனா மரம் நட்டாங்க. பதில் சொல்ற கதை மட்டும் அப்பவே கோணல்தான். தண்டல் கிராணிக்குச் சொல்வான், கிராணி துரைக்குச் சொல்வான், துரை லண்டனுக்குச் சொல்வான். கீழ இருந்து மேல போற பதில்தான். மேல இருந்து கீழ ஒன்னும் வராது, விடியக்காலையில ஆளெடுக்கிற பெரட்டுல திட்டு வர்றதைத் தவிர.

சுதந்திரம் வந்துச்சு. வெள்ளைக்காரன் பல பேரு தோட்டத்தை வித்துட்டுக் கப்பல் ஏறுனான். வாங்குனவன் துண்டு துண்டா வெட்டி வித்தான். துண்டு வாங்குனவனுக்குத் தொழிலாளி வேணாம், லயம் வேணாம், பள்ளிக்கூடம் வேணாம், கோயிலும் வேணாம். சனங்க மூட்டை முடிச்சோட சடக்குல நின்னாங்க. அப்பத்தான் துன் சம்பந்தன் தோட்டந் தோட்டமாப் போனாரு. அவரு அமைச்சரு, மலேசிய இந்தியர் காங்கிரஸ், அதான் ம.இ.கா., அதுக்குத் தலைவரு. மாசம் பத்து வெள்ளி குடுங்க, நூறு வெள்ளி சேந்தா ஒரு பங்கு, எல்லாம் சேந்து நாமே தோட்டத்தை வாங்குவோம்னாரு. 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பொறந்துச்சு. பத்து வெள்ளின்னா இன்னைக்கு உனக்கு ஒரு ஐஸ் கோப்பி. அன்னைக்கு அது மூணு நாள் பால்வெட்டு.

அந்தச் சங்கம் வாங்குன மொதத் தோட்டம் எது தெரியுமா? நம்ம கெடாதான். புக்கிட் சிடிம். எனக்கு அதுல என்ன பிடிக்கும்னா, பங்குக்காரன் காலையில எந்திரிச்சா அவன் பங்கு கண்ணு முன்னாடி நிக்கும். தொட்டுப் பாக்கலாம். பால் வடியுதா, வாடிப் போச்சா, எவனாவது பால் பிடிக்கிற மங்கைத் தூக்கிட்டுப் போயிட்டானா, எல்லாம் தெரியும். இதுக்கு சார்ட்டு வேணாம். சங்கம்னா சண்டை சச்சரவு இருக்கும், எந்தச் சங்கத்துல இல்ல? ஆனா சங்கம் இன்னைக்கும் இருக்கு. மரமும் நெலமும் அடியில இருந்துச்சு.

அப்புறம் வந்துச்சு காகிதக் காலம்.

1981 செப்டம்பர் 7. லண்டன்ல சந்தை தொறந்து நாலு மணி நேரம் ஆகல. நம்ம அரசாங்கத்தோட பெர்மோடாலான் நேஷனல், அதான் பி.என்.பி., குத்ரி தோட்டக் கம்பெனிய வாங்கி முடிச்சிருச்சு. 1821-ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச கம்பெனி; ரெண்டு லட்சம் ஏக்கர் பக்கம் நெலம். ஒரு துப்பாக்கி சுடல, ஒரு மரம் அசையல. துரைங்க பசியாறிட்டுத் திரும்பிப் பாத்தா முதலாளி மாறிட்டாரு. நாட்டுக்கு அது பெரிய கௌரவம், நான் இல்லைங்கல. நம்ம சனமும்தான் கை தட்டுச்சு. ஆனா அந்தத் தோட்டங்கள்ல பால் வெட்டுனவனுக்கு அடுத்த நாள் காலையில என்ன மாறுச்சு? பெரட்டு அதே அஞ்சரை மணிக்கு.

இதைப் பாத்ததும் ஊர்ல எல்லாருக்கும் ஷேரு காய்ச்சல். நமக்கும் ஒன்னு வேணும்னு பேச்சு வந்துச்சு. பேச்சுல தப்பில்லப்பா. 1970-ல நாட்டுக் கம்பெனிச் சொத்துல இந்தியருக்கு இருந்தது நூத்துல ஒன்னு சொச்சம். நாடு பூரா வெட்டுன பாலுக்குக் கெடைச்சது அவ்வளவுதான். 1982-ல ம.இ.கா. மைக்கா ஹோல்டிங்ஸை ஆரம்பிச்சுச்சு. தலைவரு சாமிவேலு. மேடை, மாலை, பேச்சு. பேசுறதுல அவரை அடிச்சுக்க ஆளு உண்டா? 66,000 பேரு பக்கம் சேந்தாங்க. 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. யோசிச்சுப் பாரு, அதுல பாதி பேரு வங்கி வாசப்படியையே மிதிச்சிருக்க மாட்டாங்க. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போச்சு. கடன் வாங்கிக் கட்டுனவங்களும் உண்டு. பிள்ளைங்க எதிர்காலம்னாங்க. யாரு மாட்டேங்கிறது?

டிவி3-ல பங்கு வாங்குனாங்க. யுனைடெட் ஏசியன் பேங்குல பங்கு வாங்குனாங்க. இன்சூரன்ஸ் கம்பெனி. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. டிவில படம் ஓடுறப்ப "இது நம்ம டிவி"ன்னு சொல்லிக்கிட்ட கெழவிங்க இருந்தாங்க. லாப ஈவு மட்டும் சொல்லிக்கிற மாதிரி வரல.

சரி, பிடிக்கலைன்னா வித்துட்டுப் போக வேண்டியதுதானே? இங்கதான் நீ காதைத் தீட்டிக்கணும். மைக்கா பங்குச் சந்தைக்கே வரல. வரும் வரும்னாங்க. கடைசி வரைக்கும் வரல. உன் போனுக்குள்ள இருக்கிற ஷேரை ஒரு விரல்ல தள்ளி வித்துடலாம். அந்த ஷேரை யாருகிட்ட விக்கிறது? விலை என்னன்னு யாரைக் கேக்குறது? உள்ள போறதுக்கு வாசல் வச்சு, வெளிய வர்றதுக்கு வைக்காம கட்டுன வீடு அது. நான் சந்தையத் திட்டுறேன்னு நெனைச்சியா? இல்லடா. சந்தை செய்யுற நல்ல காரியம் ரெண்டு: ஒன்னு, விலையச் சுவத்துல எழுதிப் போடும். ரெண்டு, போறவனை விடும். அந்த ரெண்டும் இல்லாம 66,000 பேரு இருபத்தெட்டு வருசம் உக்காந்திருந்தாங்க.

அப்புறம் 1990. டெலிகோம் மலேசியா சந்தைக்கு வருது. ஷேரு 5 வெள்ளி. நிதியமைச்சு மைக்காவுக்குன்னு ஒரு கோடி ஷேரு ஒதுக்குச்சு. ஏறப்போற ஷேருன்னு எல்லாருக்கும் தெரியும், ஏறவும் செஞ்சுச்சு. மைக்கா கைக்கு வந்தது எவ்வளவு? 10 லட்சம். மிச்சம் 90 லட்சம் மூணு கம்பெனிக்குப் போச்சு. அந்த மூணு கம்பெனி பேரை லயத்துல எவனும் கேட்டதே இல்ல. தப்பு ஒன்னும் நடக்கலைன்னு தலைவரு சொன்னாரு. லஞ்ச ஒழிப்புக்காரங்க விசாரிச்சாங்க. கோர்ட்டுல யாரையும் நிறுத்தல. நான் ஜட்ஜு இல்லப்பா. சாமிவேலுவும் 2022-ல போய்ச் சேந்துட்டாரு. செத்தவரை இழுத்து வச்சு வழக்குப் பேசுறது என் வேலை இல்ல.

என் கேள்வி சின்னது. 1990-ல நடந்தது முதலாளிமாருக்கு எப்ப தெரிஞ்சுச்சு? 66,000 முதலாளிங்க. பேப்பர்ல வந்தப்ப! அதுவும் ரெண்டு வருசம் கழிச்சு! தன் வீட்டு நெல்லு யாரு வீட்டுக் குதிருக்குப் போச்சுன்னு அடுத்த ஊர்க்காரன் வந்து சொல்லித் தெரிஞ்சுக்கிறவனுக்கு என்ன பேரு? அவனையும் நம்ம ஆளுங்க முதலாளின்னாங்க.

கேக்க வேண்டியதுதானேங்கிற. எங்க கேக்குறது? ஆண்டுக்கூட்டம் கோலாலம்பூர்ல. சுங்கை பட்டாணியில ராத்திரி பஸ்ஸு ஏறணும். ஒரு நாள் செக்குறோல் சம்பளம் போயிடும். அறிக்கை வந்தா அதைப் படிக்க ஒரு ஆளைத் தேடணும். அந்த ஆளு யாரு? கிளைத் தலைவரு. அவரு என்ன சொல்வாரு? "எதுக்கு அலையுற, இங்க ஒரு கையெழுத்துப் போடு, நான் பாத்துக்கிறேன்." போட்டாங்கப்பா. எங்க சனத்தையும் சொல்லணும். அடகுக் கடையில நகைய வச்சா சீட்டைப் பத்திரமா முடிஞ்சு வைப்பாங்க, எடை பாத்து வாங்குவாங்க, ஒரு குன்றிமணி கொறைஞ்சாலும் கடையையே ரெண்டாக்குவாங்க. அதே நகைக்காசைத் தலைவரு கையில குடுத்தா? கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க. ஆளு மாலை போட்டு நின்னா அளக்க வெக்கமாயிடுது.

2010-ல ஒரு வழியா முடிஞ்சுச்சு. ஞானலிங்கம், வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்துக்காரரு, அவரோட கம்பெனி ஒரு ஷேரை 80 காசுக்கு வாங்கிக்கிச்சு. 1982-ல போட்ட வெள்ளி 2010-ல காசா வந்துச்சு. அந்த இருபத்தெட்டு வருசத்துல தங்கம் என்ன விலைக்குப் போச்சுன்னு நீயே பாத்துக்கோ, போன்தான் வச்சிருக்கியே. அடகு வச்ச பொம்பளைங்கள்ல பல பேரு அந்தக் காசு வாங்க உயிரோட இல்ல. பேரப்பிள்ளைங்க மரணச் சான்றிதழைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க.

நமக்கு மட்டும்தான் இப்படின்னு அழாத. இந்த நாட்டுல ஒத்துமைய எங்கெங்கயோ தேடுறாங்க. ஏமாந்த வரிசையில வந்து பாக்கச் சொல்லு, எல்லா இனமும் நிக்கும். பூமிபுத்ரா மலேசியா ஃபைனான்ஸ், ஹாங்காங்குல கேரியன் கம்பெனிக்குக் கடன் குடுத்து, 250 கோடி வெள்ளி போச்சு. கணக்குப் பாக்க அனுப்புன ஜாலில் இப்ராகிமை 1983-ல அங்கேயே கொன்னு வாழைத்தோப்புல போட்டாங்க. கணக்குக் கேட்டதுக்கு அதுதான் கூலி. 1985 டிசம்பர்ல சிங்கப்பூர்ல பான்-எலெக்ட்ரிக் கம்பெனி விழுந்ததுல சிங்கப்பூர், கோலாலம்பூர் ரெண்டு சந்தையும் மூணு நாளு கதவைச் சாத்திடுச்சு. அந்த விவகாரத்துல மலேசிய சீனர் சங்கம், அதான் ம.சீ.ச., அதோட தலைவரு தான் கூன் சுவான் அடுத்த வருசம் ஜெயிலுக்குப் போனாரு. அதே 1986-ல சீனரு நெறைய சேமிச்ச 24 கூட்டுறவுச் சங்கத்தை பேங்க் நெகாரா முடக்குச்சு. பணம் போட்டவங்க அஞ்சு லட்சம் பேருக்கு மேல. படிச்சவன், யாவாரி, கணக்குல புலின்னு நாம சொல்ற ஆளுங்க. அவங்களும் தலைவரு போட்டோவைப் பாத்துத்தான் போட்டாங்க.

1993 வந்துச்சு. அது ஒரு கூத்து. மார்க்கெட்டுல கோழி வெட்டுறவன் ஒரு கையில கத்தி, ஒரு கையில ஷேரு தரகரு ரெமிசியர் கிட்ட பேச போனு. வாத்தியாரு வகுப்பை விட்டுட்டு ஷேரு விலை பாக்கப் போனாரு. 1994 ஜனவரியில கோலாலம்பூர் சந்தைக் குறியீடு 1,314. "இனி எறங்காது"ன்னாங்க. 1998 செப்டம்பர் 1-ந் தேதி 262. அந்த வாத்தியாரு மறுபடி நல்லாப் பாடம் நடத்துனாரு. அந்தக் கூத்துல பசங்களுக்குக் கெடைச்ச லாபம் அது ஒன்னுதான்.

இப்ப உன் காலத்துச் சந்தைக்கு வர்றேன். உனக்கு ஷேரு விக்கிற சந்தை இருக்கே, அது யாரோட கடை? முன்ன அது தரகருங்க சேந்து நடத்துன சங்கம். 2004-ல கம்பெனி ஆச்சு. 2005 மார்ச் 18-ந் தேதி அந்தச் சந்தையே தன்னைச் சந்தையில ஏத்திக்கிச்சு. புர்சா மலேசியா ஷேரை புர்சா மலேசியாவுலயே வாங்கலாம். சிரிக்காத, நெசம். சந்தைய நடத்துறதும் அது, கடை போடுறவனுக்கு விதி எழுதுறதும் அது, தன் லாபத்தைத் தன் பங்குதாரருக்குக் காட்ட வேண்டியதும் அது. வாங்குறது விக்கிறது கூடக் கூட அதுக்குக் கூலி. நீ கக்கூசுல உக்காந்து நாளைக்கு எட்டு வாட்டி வாங்கி விக்கிறியே, அதுல லாபம் பாத்தது யாரு? உனக்கு நட்டமானாலும் அதுக்குக் கட்டணம் வந்துரும். அதுக்கு மேல செக்யூரிட்டீஸ் கமிஷன்னு 1993-லருந்து ஒரு காவல் இருக்கு, இல்லைங்கல. காவலுக்குக் காவல் எதுக்கு வேண்டியிருக்குன்னுதான் யோசிக்கச் சொல்றேன்.

உன் தாத்தன் தோட்டத்து போர்டைப் பாத்திருக்கியா? அதே தூணு, அதே ஆணி. பேரு மட்டும் மாறும். ஹாரிசன்ஸ் போயி கோல்டன் ஹோப் வந்துச்சு. 2007-ல கோல்டன் ஹோப், குத்ரி, சைம் டார்பி மூணையும் ஒன்னாக்கி சைம் டார்பின்னாங்க. 2017-ல அதைப் பிரிச்சுத் தோட்டத்தைத் தனியாச் சந்தையில ஏத்துனாங்க. 2024-ல அதுக்குப் பேரு எஸ்.டி. குத்ரி. லண்டன்லருந்து புடுங்கிட்டு வந்த பேருக்கே திரும்ப வந்தாச்சு. ஒவ்வொரு பேரு மாத்தத்துக்கும் ஆலோசகருக்கு, வக்கீலுக்கு, பேங்குக்கு எல்லாம் கூலி உண்டு. போர்டுக்குப் பெயின்ட் அடிச்சவனுக்கும் கொஞ்சம் கெடைச்சிருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். அந்தக் கம்பெனியில பெரிய பங்குதாரருங்கள்ல ஒன்னு ஊழியர் சேமநிதி. 1951-லருந்து சம்பளத்துல பிடிச்சாங்களே, அந்த இ.பி.எஃப். புர்சாவுல எந்தப் பெரிய கம்பெனிய எடுத்தாலும் அங்க சேமநிதி உக்காந்திருக்கும். அப்ப யாரு முதலாளி? நாப்பது வருசம் பால் வெட்டுன கெழவன் காசும் அதுல இருக்கு. அவனும் முதலாளி! தோட்டத்தை அழிச்சு தாமான் கட்டுறப்ப, அம்பத்தஞ்சு வயசாயிடுச்சு, லயத்தைக் காலி பண்ணுன்னு நோட்டீசு வருது பாரு, அதைத் தனக்குத் தானே அனுப்பிக்கிட்ட ஆளு உலகத்துலயே அவன் ஒருத்தன்தான். "முதலாளி, இதுல உங்களுக்குச் சம்மதமா?"ன்னு அவனை எவனாவது கேட்டானா? கேட்டிருந்தா அவன் பயந்துருப்பான், யாரையோ கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பாத்திருப்பான்.

சந்தையோட வேலை மாறிப்போச்சுப்பா. அன்னைக்குக் காசை மரமாக்குச்சு. இன்னைக்கு மரத்தையும் நெலத்தையும் காசாக்கிக் கை மாத்தி விடுது. மாறட்டும், எல்லாம்தான் மாறுது. கை மாறுற வேகத்துல கேக்குறவன் யாரு, பதில் சொல்றவன் யாருன்னு காணாமப் போயிடுது பாரு, அதைத்தான் சொல்றேன். உன்னைப் போல மூணு நாள் முதலாளிக்குக் கேள்வி எதுக்கு? அவன் காலி பண்ணிட்டுப் போயிடுவான். நாப்பது வருச முதலாளிக்குத் தான் முதலாளின்னே தெரியாது. நடுவுல ஒருத்தன் இருக்கான் பாரு, சம்பளம் வாங்கிக்கிட்டு நாற்காலியில, அவனுக்குத்தான் கொண்டாட்டம்.

ஆண்டுக்கூட்டத்துக்குப் போயிருக்கியா? உனக்கு 100 ஷேரு இருக்கு, போலாம். போறவங்களைப் பாத்திருக்கேன். எதுக்குப் போறாங்க தெரியுமா? டோர் கிஃப்டுக்கு. ஒரு பை, அதுக்குள்ள ரெண்டு பன்னு, ஒரு தண்ணி பாட்டிலு, அதிர்ஷ்டம் இருந்தா அம்பது வெள்ளி வவுச்சரு. எந்தக் கம்பெனி என்ன குடுக்குதுன்னு ஒரு பட்டியலே மனப்பாடமா வச்சிருக்கிற ஆளுங்க உண்டு. ஆண்டறிக்கையைத் தொறந்து பாத்திருப்பாங்களா? அதை முறுக்கு பொட்டலம் கட்ட வச்சிருப்பாங்க. கையில பை வந்ததும் பாதி முதலாளிங்க எழுந்திருச்சுப் போயிடுவாங்க. மேடையில இருக்கிறவங்களுக்கு அதைவிட நிம்மதி உண்டா? அம்பது வெள்ளியில வாயை அடைக்கிறது மலிவுதானே.

கொரோனா வந்துச்சு, கூட்டத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல வச்சாங்க. கேள்வியை டைப் பண்ணி அனுப்பணும். அவங்க படிச்சுப் பாத்துட்டு, பிடிச்சதுக்குப் பதில் சொல்லிக்கலாம். கூட்டுக்காரிக்கு மட்டும் இந்த வசதி இருந்திருந்தா? பத்துப் பொம்பளைங்களும் வாசல்ல நிக்கிறப்ப, "கேள்விகளை எழுதிப் போடுங்க, நேரமிருந்தா பாக்குறேன்"னு கதவைச் சாத்தியிருப்பா. நல்லவேளை, 2025 மார்ச்சுலருந்து நேர்ல கூட்டம் வச்சாகணும், கம்ப்யூட்டரும் கூட இருந்தா இருக்கட்டும்னு விதி வந்துருச்சு. மூஞ்சியப் பாத்துக் கேக்கலாம்.

கேக்குறதுக்கு இங்கிலீசு தெரியணும், படிப்பு வேணும்னு சாக்கு சொல்லாத. 1947-ல இதே பீடோங்ல கள்ளுத் தவரணைய மூடுன்னு மறியல் பண்ணுன தொண்டர் படைக்காரங்க எத்தனை பேரு படிச்சவங்க? ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி கூப்பிட்டாரு, நின்னாங்க. போலீசு அடிக்கும்னு தெரியும், நின்னாங்க. நீ ஏர்கான் போட்ட ரூம்ல மைக்கைப் பிடிச்சு ஒரு கேள்வி கேக்க நடுங்குற.

என்ன கேக்குறதுன்னு தெரியலையா? சிறுபங்குதாரருக்குன்னு 2000-லருந்து ஒரு கண்காணிப்புக் குழு இருக்கு. ஆண்டுக்கூட்டத்துக்கு முன்னாடி கம்பெனிகிட்ட என்ன கேக்கப் போறோம்னு அதுவே எழுதி வெளியிடுது. ஓசியில படிக்கலாம். சார்ட்டுல போற நேரத்துல கால்வாசி போதும்.

அதுவும் சோம்பலா? அப்ப ஒன்னே ஒன்னு கேளு: "ஆடிட்டரை ஏன் மாத்துனீங்க?" அரசாங்கத்தோட முதலீட்டுக் கம்பெனி 1எம்டிபி கதைய நீதான் எனக்குப் படிச்சுக் காட்டுன. முதல்ல எர்ன்ஸ்ட் அண்ட் யங், அப்புறம் கேபிஎம்ஜி, அப்புறம் டெலாய்ட். வேலைக்காரி மாறுற வேகத்துல ஆடிட்டரு மாறுனாங்க. கேபிஎம்ஜியும் டெலாய்ட்டும் 2021-ல அரசாங்கத்துக்குக் கோடிக் கணக்குல பணம் கட்டி விவகாரத்தைத் தீத்துக்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் கணக்குத் தெரிஞ்சுச்சு. மாத்துன அன்னைக்கே கையைத் தூக்கி ஒருத்தன் சத்தமாக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. மேடையில ஒருத்தனுக்காவது வேர்த்திருக்கும்.

உன் கம்பெனிக்குக் கூட்டம் எப்போ? மே மாசமா? ரயிலு டிக்கெட்டு நான் எடுத்துத் தர்றேன், சுங்கை பட்டாணியில ஏறுனா நேரா கேஎல் சென்ட்ரல். நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போ. முன் வரிசையில உக்காரு. பையைக் கேள்வி கேட்டதுக்கு அப்புறம் வாங்கு, முன்னாடி வாங்குனா வாய் வராது. வவுச்சர் குடுத்தா தேதி பாத்து வாங்கு, போன வருசத்துதைத் தலையில கட்டிருவானுங்க. பன்னு எனக்கு வேணாம், பல்லு இல்ல.